கடைமடைக்காரர்களோடு நடப்போம்!

(எண்ணூர் தாழங்குப்பத்தில் அமைதிப் பேரணிக்காக நடந்த ஆயத்தக் கூட்டத்தில் நமது சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத கிளை உறுப்பினர்களுக்காக அச்சிடப்படுகிறது. படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கவும்.)



மேடைக்கு வரும் வழியில் ஒரு அம்மா கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டாங்க: "ஏர் ஓட்டறவங்களுக்குக் கடற்கரையில என்னய்யா வேலை?" நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பேரணியைப் பற்றிப் பேச வேண்டும்.

எங்கள் ஊரில் ஏரிப் பாசனம். ஏரி மதகுக்குப் பக்கத்தில் இருப்பது தலைமடை. வாய்க்கால் போய் முடிகிற இடம் கடைமடை. மழை குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. வெள்ளம் வந்தால் முதலில் முங்குவதும் அதே கடைமடை. அதனால்தான் ஊரில் பெரியவங்க சொல்வாங்க, கடைமடைக்காரன் முகத்தைப் பார்த்தால் ஏரியை ஒழுங்காக நிர்வாகம் பண்றாங்களா இல்லையான்னு தெரிஞ்சிடும்னு.

நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஆறு. கொசஸ்தலை ஆறு. பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக வந்து, இதோ இந்த முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. நாங்கள் தலைமடை. நீங்கள் கடைமடை. இத்தனை வருஷமா மேலே இருப்பவர்கள் கீழே திரும்பிப் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கிறோம்.

உங்கள் மூக்கில் ஏறியதும் எங்கள் வயலுக்கு வந்ததும்

2023 டிசம்பர் மாதத்தை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு சேர்ந்து மணலி பக்கத்திலிருந்து கச்சா எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, ஆற்றில் பரவி, முகத்துவாரம் வரைக்கும் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி, கூழைக்கடா என்று எதையும் அது விடவில்லை. குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளியவர்கள் நீங்கள்தான். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான். ஆறு வருஷம் கழித்தும் அதே வாளிதான். துறைமுகத்தில் வானத்தைத் தொடுகிற கிரேன் நிற்கிறது. எண்ணெய் அள்ள மட்டும் நம் கையில் வாளி!

அந்த எண்ணெய்ப் பிசுக்கு போகும் முன்பே அடுத்த இடி விழுந்தது. டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து உர ஆலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கடல் கொதிப்பது போலப் பொங்கியது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், எர்ணாவூர் என்று ஊர் ஊராக மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் ரோட்டுக்கு ஓடினார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வயசானவர்களை இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் காற்று அடிக்குதுன்னுகூடத் தெரியாமல் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரைதான் அம்மோனியா இருக்கலாம். ஆலை வாசல் பக்கம் 2,090 இருந்தது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். அது டிசம்பர் கடைசி. புயலில் சம்பாவைப் பறிகொடுத்துவிட்டு நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்த நேரம். உரக்கடையில் காம்ப்ளக்ஸ் மூட்டைக்கு வரிசை நிற்கிற நேரம். அந்தக் குழாயில் வந்த அம்மோனியா எதற்காக வந்தது? எங்கள் மூட்டைக்காகத்தான் வந்தது. அம்மோனியா இல்லாமல் அந்தக் காம்ப்ளக்ஸ் உரம் இல்லை. உங்கள் மூக்கில் ஏறியது எதுவோ, அதுதான் மணி மணியாக எங்கள் வயலுக்கு வருகிறது. இதைச் சொல்லாமல் "நாங்களும் உங்களைப் போலப் பாதிக்கப்பட்டவர்கள்" என்று மட்டும் பேசிவிட்டுப் போனால் அது மேடைப் பேச்சு. உண்மை ஆகாது.

சங்கத்துக்குள் நடந்த சண்டை

இந்த விஷயம் எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு தோழர் எழுந்து சொன்னார்: "உரத்துக்கு நாமளே அலையறோம். ஆலையை மூடுன்னு சொல்றவங்க கூடப் போய் நாம உட்கார்ந்தா, நாளைக்கு மூட்டை விலை ஏறினா ஊர்ல நம்மளத்தான் கேப்பாங்க." இன்னொருத்தர், "அவங்க போராட்டம் அவங்களுக்கு, நம்ம போராட்டம் நமக்கு" என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவர்கள். அன்று ராத்திரி பதினொரு மணி வரை பேசியும் முடிவு எட்டவில்லை.

முடிவுக்குக் கொண்டு வந்தவர் எங்கள் சங்கத்தில் வயதில் மூத்த ஒரு பெரியவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம கிணத்துல உப்பு ஏறினப்போ யாருடா நமக்காக வந்தான்?"

இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு அந்தக் கதை தெரியாது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதியில் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் இளநீராக இருந்தது. நகரத்தின் குடிநீருக்கும் மணலி ஆலைகளுக்கும் என்று பெரிய பெரிய குழாய்க்கிணறுகள் போட்டு வருஷக்கணக்கில் இறைத்தார்கள். நல்ல தண்ணீர் கீழே இறங்க இறங்க, கடல் தண்ணீர் மண்ணுக்கு அடியில் உள்ளே வந்தது. 1960-களின் கடைசியிலேயே மீஞ்சூர் பக்கம் உப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. கிணறு கிணறாக விவசாயம் போனது. தென்னை காய்ந்தது. அப்போது நகரத்துக்காரர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அது எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. எங்கள் தண்ணீரை நகரம் குடித்தது போலத்தான், உங்கள் மூச்சை எங்கள் வயல் வாங்கிக்கொண்டிருக்கிறது. நமக்கு நடந்தபோது தப்பு என்றால், நம்மால் நடக்கும்போதும் தப்புதானே? பெரியவர் கேட்டது அதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் குழாய் ஒழுகி, ஒழுகி, ஆற்றின் அடி மேடு தட்டிப் போயிருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது முழங்கால் அளவு என்கிறீர்கள். இறால் பிடித்த இடத்தில் சாம்பல் சேறு. உங்களுக்கு அது தொழில் நாசம். எங்களுக்கு? முகத்துவாரம் அடைத்தால் வெள்ளம் வடியாது. வடியாத வெள்ளம் பின்னால் ஏறி எங்கள் நெற்பயிரில் நிற்கும். வாய்க்கால் கடைசியில் மண் விழுந்தால் தலைமடையும் முங்கும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே கமிட்டி தீர்மானம் போட்டது. ஆலை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை முதலில் அதன் பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குத்தான். உரம் வேண்டும் என்பதற்காக ஒரு குப்பத்துக் குழந்தை மூச்சுத் திணற வேண்டும் என்றால், அந்த மூட்டையின் விலையை நாம் இன்னும் முழுசாகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

நூறு நாள் உட்கார்ந்தவர்கள்

அம்மோனியா கசிவுக்கு மறுநாளே பெரியகுப்பத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தீர்கள். 33 கிராமத்து மக்கள். நூறு நாளைத் தாண்டி உட்கார்ந்தீர்கள். ஒரு கல் எறியவில்லை. ஒரு பஸ் கண்ணாடி உடையவில்லை. மீன் விற்கப் போகும் தாய்மார்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முறை வைத்துப் பந்தலுக்கு வந்தார்கள்.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2024 மே மாதம் தீர்ப்பு வந்தது. கோரமண்டல் நிறுவனம் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும், உரிய துறைகளின் அனுமதி இல்லாமல் ஆலையை ஓட்டக்கூடாது என்று ஆணையிட்டது. பழைய குழாயை மாற்றி, கசிவைக் கண்டுபிடிக்கும் நவீன கருவிகளோடு புதிய குழாய் போட வேண்டும் என்று அதற்கு முன்பே நிபுணர் குழுவும் சொல்லியிருந்தது. பந்தலில் நீங்கள் உட்காராமல் இருந்திருந்தால் நாலு நாள் பேப்பரில் வந்து, அஞ்சாம் நாள் மறந்து போயிருக்கும்.

கிடைக்காதது என்ன? நிரந்தரமாக மூட வேண்டும் என்பது உங்கள் கோரிக்கை. அது நடக்கவில்லை. அனுமதிகளைப் பெற்று 2024-லேயே ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். ஒரு வலையின் விலை என்ன என்று தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நூறு நாளில் எங்கள் சங்கம் எங்கே இருந்தது? ஒரு அறிக்கை விட்டோம். ஒரு நாள் நாலு பேர் வந்து சால்வை போட்டுவிட்டுப் போனோம். 33 கிராமத்தோடு ஆற்றின் மேலே இருக்கிற முப்பது விவசாயக் கிராமமும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அந்த எடை வேறாக இருந்திருக்கும். இந்தக் குற்றத்தை யார் மேலும் போட முடியாது. எங்களுடையதுதான்.

பிரிந்தபோது தோற்றோம்

தோழர்களே, வடசென்னை மண் போராட்டத்துக்குப் புதுசு இல்லை. பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுத்தார்கள். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தலைமை கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று.

மூன்றே வருஷத்தில், 1921-இல் பெரிய வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் நடந்தது. அது ஏன் தோற்றது? சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரே மில்லில் ஒரே தறியில் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார முதலாளி உட்கார்ந்த இடத்தில் ஜெயித்தான். ஆதிதிராவிடத் தொழிலாளியின் பசியையும் பயத்தையும் முன்கூட்டியே கேட்டுப் புரிந்துகொள்ளாத சங்கம், அவர்களைத் துரோகி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டது. நூறு வருஷம் ஆகியும் நாம் படிக்க வேண்டிய பாடம் இது.

இதே நகரத்தில் 1923 மே 1-ஆம் தேதி உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையிலும், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார் சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைக்கு அவர் தொடங்கிய கட்சிக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? லேபர் கிசான் கட்சி. லேபர் என்றால் தொழிலாளி, கிசான் என்றால் விவசாயி. மீனவர் வீட்டுப் பிள்ளை, தொழிலாளியையும் விவசாயியையும் ஒரே பெயருக்குள் உட்கார வைத்தார். இன்று சென்னைக் கலெக்டர் ஆபீசுக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். பெயரைக் கட்டடத்துக்கு வைத்துவிட்டார்கள். அவர் சொன்ன வேலையைச் செய்வது நம் பொறுப்பு.

ராயபுரத்து அக்காக்கள்

2025 ஆகஸ்ட் மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 2,000 தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள். கொரோனாவிலும் புயல் வெள்ளத்திலும் நகரத்தைச் சுத்தம் செய்தவர்கள். 13 நாள் அமைதியாக உட்கார்ந்தார்கள். நடைபாதையை விட்டு அவர்களை அப்புறப்படுத்த உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. தொழிற்சங்கத்தை வளர்த்த திரு.வி.க. பெயர் தாங்கிய மண்டலத்தில், சங்கமாகச் சேர்ந்து உரிமை கேட்ட பெண்களுக்கு இந்தக் கதி.

அந்த 13 நாளில் விவசாயி எத்தனை பேர் போனோம்? மீனவர் எத்தனை பேர் போனீர்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொருத்தரும் அவரவர் பந்தலில் தனித்தனியாக உட்கார்ந்தால், தனித்தனியாகத்தான் தூக்குவார்கள்.

நகரம் நம் பக்கம் வர வேண்டும்

பேரணி என்றால் கூட்டத்தைக் காட்டுவது மட்டும் இல்லை. வேடிக்கை பார்க்கிறவனை நம் பக்கம் திருப்புவது. இதில் மகாராஷ்டிர விவசாயிகள் நமக்கு வாத்தியார்.

2018 மார்ச் 6-ஆம் தேதி நாசிக்கில் புறப்பட்டார்கள். பெரும்பாலும் ஆதிவாசி விவசாயிகள். வன நிலத்துக்குப் பட்டா வேண்டும், கடன் தள்ளுபடி வேண்டும். ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பல பேர் காலில் செருப்பில்லை. ஆறு நாளில் மும்பை எல்லைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நகரத்துக்குள் நடப்பதாகத் திட்டம். ஆனால் அன்று பத்தாம் வகுப்புப் பரீட்சை. பகலில் நடந்தால் பிள்ளைகள் பரீட்சைக்குப் போக முடியாது. தலைவர்கள் கலந்து பேசினார்கள். நாள் முழுக்க நடந்து கால் கொப்பளித்துக் கிடந்த அத்தனை பேரும், தூங்காமல் அந்த ராத்திரியே எழுந்து நடந்து, விடியும் முன் ஆசாத் மைதானம் போய்ச் சேர்ந்தார்கள். மும்பைக்காரர்கள் காலையில் எழுந்து இந்தச் சேதியைக் கேட்டார்கள். தண்ணீர், பிஸ்கட், சாப்பாடு, செருப்பு என்று வந்து கொடுத்தார்கள். அன்றைக்கே அரசாங்கம் எழுத்துமூலம் உறுதி கொடுத்தது.

அந்த உறுதிமொழி முழுசாக நிறைவேறவில்லை. 2019-இலும் 2023-இலும் அவர்கள் மறுபடி நடக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஒரு நடையில் எல்லாம் முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர்களால் மறுபடி நடக்க முடிந்தது. ஏன்? முதல் நடையில் யாருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளவில்லை.

டெல்லி எல்லையிலும் அதே அனுபவம். 2020 நவம்பர் 26-இல் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரி 26-ஆம் தேதி ஒரு பகுதி டிராக்டர்கள் செங்கோட்டைக்குப் போனதும், அந்த ஒரு நாள் கலவரத்தை வைத்தே முழுப் போராட்டத்தையும் முடித்துக்கட்டப் பார்த்தார்கள். மறுபடி கட்டுப்பாட்டைக் கொண்டு வந்து, அமைதியாக உட்கார்ந்துதான் மூன்று சட்டங்களையும் 2021 நவம்பரில் திரும்பப் பெற வைத்தார்கள்.

பயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2018 மே 22-ஆம் தேதி தூத்துக்குடியில், போராட்டத்தின் நூறாவது நாள், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க நடந்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. 13 உயிர் போனது. போலீஸ் வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமே பின்னால் சொன்னது. சொன்னதால் செத்தவர்கள் திரும்பி வரவில்லை. இதை நினைத்துத்தான் எங்கள் வீட்டுப் பெண்களும் "ஜாக்கிரதையா போயிட்டு வாங்க" என்று வாசலில் நின்று அனுப்பினார்கள். ஆகவே ஒரு சின்ன ஒழுங்கீனத்துக்கும் நாம் இடம் கொடுக்கக்கூடாது. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவதற்கு அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. போலீஸ் அனுமதிக்கு முன்கூட்டியே எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறோம்.

அடைக்கலம் கொடுத்தவர்களை மறக்கக்கூடாது. 2017 ஜனவரி 23-ஆம் தேதி மெரினாவில் ஜல்லிக்கட்டு இளைஞர்களை அடித்து விரட்டியபோது கதவைத் திறந்து உள்ளே விட்டவர்கள் கடற்கரைக் குப்பத்து மக்கள். அதற்கு நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்து சாம்பலானது. காளை எங்களுடையது. அடி வாங்கியது அவர்கள். விவசாயி அந்தக் கடனை இன்னும் அடைக்கவில்லை.

பேரணி ஏற்பாடுகள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாழங்குப்பத்தில் புறப்பட்டு, நேதாஜி நகர், கத்திவாக்கம், பெரியகுப்பம், எர்ணாவூர் வழியாகத் திருவொற்றியூர் தேரடி போய்ச் சேருவோம். கீழ்க்கண்டவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. மூன்று பேர் கொண்ட வரிசை. ரோட்டின் இடப்பக்கம் மட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓடும். கயிறு பிடிக்கும் தொண்டர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

2. ஆம்புலன்ஸ் வந்தால் கோஷத்தை நிறுத்தி, ஒரே பக்கமாக ஒதுங்க வேண்டும்.

3. முதல் வரிசையில் பெரியகுப்பம் தாய்மார்கள். அவர்களுக்குப் பின்னால் தூய்மைப் பணியாளர் அக்காக்கள். அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விவசாயிகள் கடைசி வரிசை. தலைமடைக்காரன் ஒரு நாளாவது பின்னால் நடக்கட்டும்.

4. குடித்துவிட்டு வருபவர் யாராக இருந்தாலும், சங்க நிர்வாகியாக இருந்தாலும், வேனிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

5. ஞாயிறு காலை சர்ச்சுகளில் பூசை நடக்கும். சர்ச், மசூதி, கோயில் எது வந்தாலும் அந்த இடத்தைத் தாண்டும் வரை வாய் திறக்காமல் நடக்க வேண்டும்.

6. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இரண்டு குட்டியானை வண்டி பின்னால் வரும். வெட்கப்படாமல் ஏறிக்கொள்ளவும்.

7. தண்ணீர் குடத்தில் வரும். பாக்கெட் வேண்டாம். குப்பை போட்டுவிட்டு, அதை அள்ளுகிறவர்களோடு சேர்ந்து நடப்பதாகச் சொன்னால் சிரிப்பார்கள்.

8. போலீசார் கேள்வி கேட்டால் கையில் பச்சைத் துணி கட்டியவர்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டும். யாரையாவது கைது செய்தால் எல்லோரும் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஓடவும் கூடாது, தள்ளவும் கூடாது.

நமது கோரிக்கைகள்

அம்மோனியா, எரிவாயு, எண்ணெய் கொண்டு போகும் ஒவ்வொரு குழாய்க்கும் கசிவு எச்சரிக்கைச் சங்கு ஒவ்வொரு குப்பத்திலும் ஒலிக்க வேண்டும். சங்கு ஊதினால் எந்தத் திசையில் ஓட வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று ஊர் மக்களை வைத்து ஒத்திகை நடத்த வேண்டும்.

ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் ஆலைகளின் புகையையும் கழிவையும் மொத்தமாகக் கணக்கிட்டு வெளியிடாமல், இந்தப் பகுதியில் புதிய அனல் மின் நிலையமோ, துறைமுக விரிவாக்கமோ, குப்பை எரிக்கும் உலையோ கொண்டு வரக்கூடாது.

எண்ணெய், ரசாயனக் கசிவு நடந்தால் நிவாரணம் பிச்சை போடுவது போல இருக்கக்கூடாது. எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லையோ அத்தனை நாளைக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளத்தில் முங்கிய வயலுக்கும் அதே கணக்கு.

தூய்மைப் பணியாளர்களுக்கு நிரந்தர வேலை, முழுச் சம்பளம்.

எங்கள் விவசாயத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கோரிக்கைகளில் உர விலை இல்லையே என்று யாராவது கேட்பார்கள். உர விலைக்குத் தனியாகப் போராடுவோம், விட மாட்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாம் கேட்கப் போவது நமக்காக இல்லை. நாம் வயலில் தூவுகிற ஒவ்வொரு பிடி உரத்துக்கும் பின்னால் ஒரு குப்பம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தெரியாத மாதிரி இருக்க முடியாது. அதுக்காகத்தான் நடக்கிறோம்.

வழியில் கையைப் பிடித்துக் கேட்ட அம்மாவுக்கு இதுதான் பதில். ஏர் ஓட்டுகிறவனுக்குக் கடற்கரையில் வேலை இருக்கிறது. ரொம்ப நாளாகப் பாக்கி வைத்த வேலை. செய்ய வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பின்னால் நடப்போம். அடுத்த தடவை ஏரி உடைப்புக்கோ, நெல் கொள்முதலுக்கோ நாங்கள் பொன்னேரியில் உட்காரும்போது நீங்களும் வர வேண்டும். வருவீங்கன்னு நம்பிப் போகிறோம்.

ஆறு ஒன்று, மக்கள் ஒன்று!
கடைமடைக்கு நீதி கிடைக்கும் வரை கூடி நடப்போம்!